அடிமை விலங்கை எதிர்த்த ஆயர்



வேதாகமம் இல்லாத கத்தோலிக்க வீடு இல்லை என்றே சொல்லலாம். திருவுருவங்கள் வைத்திருக்கும் மேசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தின் வரலாற்றில் நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய ஒரு பக்கமும் இருக்கின்றது. மனிதனை மனிதன் சந்தையில் விற்று வாங்கிய காலத்தில், விற்றவனும் அதே வேதாகமத்தைக் காட்டித் தன் செயலை நியாயப்படுத்தினான். தடுத்தவனும் அதே வேதாகமத்தைக் காட்டியே தடுத்தான். வசனங்கள் ஒன்றே. வாசித்த கண்கள்தான் வேறு.

இந்த இரண்டு கண்களாலும் வேதாகமத்தை வாசித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகின்றோம். அவர் முதலில் அடிமைகளை வைத்திருந்த குரு. பின்னர் அடிமைகளின் விடுதலைக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிய குரு. அவர்தான் பர்த்தலோமே தெ லாஸ் காஸாஸ் ஆண்டகை.

செவில் நகரத்துச் சிறுவன்

ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில், 1484ஆம் ஆண்டளவில், ஒரு வணிகரின் மகனாக அவர் பிறந்தார். 1492இல் கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து புதிய தீவுகளைக் கண்டார். மறு ஆண்டு அவர் வெற்றிவீரனாக நாடு திரும்பியபோது, தம்மோடு கொண்டுவந்த தீவுவாசிகளையும் பச்சைக்கிளிகளையும் செவில் நகரத்து மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற சிறுவர்களில் லாஸ் காஸாஸும் ஒருவர்.

அதே ஆண்டில் கொலம்பஸ் மேற்கொண்ட இரண்டாவது பயணத்தில் இவருடைய தகப்பனார் பேத்ரோவும் சேர்ந்துகொண்டார். சில ஆண்டுகளின் பின் அவர் திரும்பி வந்தபோது, மகனுக்கென ஓர் இந்திய இளைஞனை அடிமையாகக் கொண்டுவந்தார். அமெரிக்கச் சுதேசிகளை அக்காலத்து ஸ்பானியர் இந்தியர் என்றே அழைத்தனர். நாமும் இக்கட்டுரையில் அப்பெயரையே பயன்படுத்துகின்றோம். ஆனால் தன் குடிமக்களைப் பிறர் அடிமையாக்குவதை இசபெல்லா அரசி விரும்பவில்லை. அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பும்படி 1500இல் அவர் கட்டளையிட்டார். இளைஞர் லாஸ் காஸாஸ் தம் அடிமையை இழந்தார். அன்று அது அவர் மனத்தைப் பெரிதாகத் தொட்டதாகத் தெரியவில்லை.

1502இல் அவரே கப்பலேறினார். ஆளுநர் ஓவாந்தோவின் தலைமையில் ஏறக்குறைய முப்பது கப்பல்களில் 2500 பேர் சென்ற பெரும் பயணம் அது. அவர்கள் போய் இறங்கிய ஹிஸ்பானியோலாத் தீவில்தான் இன்று ஹெயிட்டியும் தொமினிக்கன் குடியரசும் உள்ளன. பொன் தேடிச் சென்ற அந்தக் கூட்டத்தில் லாஸ் காஸாஸும் ஒருவராகவே இருந்தார்.

ஒப்படைப்பு என்ற பெயரில் அடிமைத்தனம்

அங்கே ஸ்பானியர் நடத்திய முறைக்கு என்கொமியெந்தா என்று பெயர். ஒப்படைப்பு என்பது அதன் பொருள். அரசன் ஒரு குடியேறியிடம் இத்தனை இந்தியர் என்று ஒப்படைப்பான். குடியேறி அவர்களைப் பாதுகாத்து, கிறிஸ்தவ மறையைப் போதிக்க வேண்டும். அவர்கள் அவனுக்கு வேலை செய்ய வேண்டும். ஏட்டிலே இது தர்மம்போலத் தோன்றும். நடைமுறையிலோ போதனை நடக்கவில்லை. வேலை மட்டும் நடந்தது. ஆண்கள் பொற்சுரங்கத்திலும் பெண்கள் தோட்டத்திலும் மடிந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின. ஒரு தலைமுறைக்குள் அத்தீவின் மக்கள் அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டார்கள்.

லாஸ் காஸாஸுக்கும் நிலமும் இந்தியரும் கிடைத்தார்கள். அவர் குருப்பட்டம் பெற்ற பின்னரும் அந்த நிலையே தொடர்ந்தது. அவர் கொடூரமானவர் அல்லர். தம் ஆட்களை மற்றவர்களைவிட இரக்கமாகவே நடத்தினார். ஆனாலும் அவர்களைத் தம் உடைமை என்றே எண்ணினார். வாசகர்களே, இதைக் கவனியுங்கள். நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் ஒரு பெரிய பாவத்தின் நடுவே அமைதியாக உறங்க முடியும்.

1510இல் புனித சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அத்தீவுக்கு வந்தார்கள். அவர்கள் பனையோலை வேய்ந்த குடிசையில் வாழ்ந்தார்கள். கண்ணால் கண்டவற்றைத் தமக்குள் ஆராய்ந்தார்கள். 1511ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, சபையார் அனைவரின் சம்மதத்தோடும், அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி பிரசங்க பீடத்தில் ஏறினார். பாலைவனத்தில் ஒலிக்கும் குரலாகத் தம்மை அறிமுகப்படுத்திய ஸ்நாபக அருளப்பரின் சுவிசேஷப் பகுதியே அன்றைய பொருள். அந்தத் தீவுதான் பாலைவனம், தாமே அந்தக் குரல் என்று அவர் தொடங்கினார். இந்த மக்களை எந்த நீதியின்படி இவ்வளவு கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள், இவர்கள் மனிதர் அல்லரா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று முன்வரிசையில் இருந்த பெரியவர்களை நோக்கியே கேட்டார். இந்த நிலையில் அவர்கள் இரட்சணியம் அடைய முடியாது என்றும் எச்சரித்தார்.

கோவிலுக்குள் பெரும் சலசலப்பு. கொலம்பஸின் மகனான ஆளுநர் தியேகோவும் பிரமுகர்களும் துறவியர் மடத்துக்குச் சென்று, அடுத்த ஞாயிறு அவர் தம் பேச்சை மீளப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு மொந்தெசினோஸ் மீண்டும் பீடத்தில் ஏறி, முன்னையதைவிடக் கடுமையாகவே பேசினார். இந்தியரை அடிமைகளாக வைத்திருப்போருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் பாவமன்னிப்பு அளிப்பதில்லை என்றும் அறிவித்தார்.

லாஸ் காஸாஸின் மனம் அப்போதும் திரும்பவில்லை. ஒருநாள் அவரே பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றபோது, தொமினிக்கன் குரு ஒருவர் இந்தியரை வைத்திருக்கும் காரணத்தால் அவருக்குப் பாவமன்னிப்பு மறுத்துவிட்டார். அவர் எதிர்வாதம் பேசினாரேயன்றித் தம் ஆட்களை விடுவிக்கவில்லை.

ஓர் அதிகாரம் திறந்த கண்

அதன்பின் கியூபாத் தீவைப் பிடிக்கச் சென்ற படையோடு ஆன்ம குருவாக அவர் சென்றார். கவோனாவோ என்ற கிராமத்தில் அவர் கண்ட காட்சி அவர் வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. அன்று காலை வறண்ட ஓர் ஓடைக் கற்களில் படைவீரர் தங்கள் வாள்களைத் தீட்டிக்கொண்டார்கள். கிராமத்தவர்களோ வந்தவர்களுக்கு மீனும் அப்பமும் கொடுத்து உபசரித்தார்கள். திடீரென ஒருவன் வாளை உருவினான், மற்றவர்களும் உருவினார்கள். காரணம் எதுவுமின்றி ஆண், பெண், குழந்தை என்ற பேதமில்லாமல் வெட்டிச் சாய்த்தார்கள். குருவானவர் ஓடியோடித் தடுத்தும் பயனில்லை. சாகக் கிடந்த சிலருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மட்டுமே அவரால் முடிந்தது.

இவ்வளவையும் கண்ட பின்னரும், அத்தீவில் தமக்கு வழங்கப்பட்ட நிலத்தையும் இந்தியரையும் அவர் ஏற்றுக்கொண்டார். பேத்ரோ தெ ரெந்தேரியா என்ற நல்ல நண்பரோடு கூட்டாகப் பண்ணை நடத்தினார்.

1514ஆம் ஆண்டு பெந்தகோஸ்தே திருநாள் நெருங்கியது. அந்நாளில் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்ததால், பொருள் தேடி வேதாகமத்தைப் புரட்டினார். சீராக் ஆகமத்தின் 34ஆம் அதிகாரத்தில் அவர் கண்கள் நின்றன. அநியாயமாகச் சேர்த்த பொருளிலிருந்து இறைவனுக்குக் கொடுக்கும் காணிக்கை அவரைக் கேலி செய்வதாகும். ஏழைகளின் பொருளை எடுத்துப் பலியிடுகிறவன் தகப்பனின் கண்முன்னே மகனைக் கொல்பவனுக்குச் சமம். ஏழைக்கு உயிராயிருக்கும் அப்பத்தைப் பறிப்பவன் இரத்தம் சிந்தியவன். கூலியாளின் கூலியைப் பிடித்துக்கொள்பவனும் அப்படியே என்பதுதான் அப்பகுதியின் கருத்து.

எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்று அது வேறுவிதமாக அவரைத் தைத்தது. பலிப்பீடத்தில் தாம் உயர்த்திப் பிடிக்கும் அப்பம் யார் விதைத்து, யார் அறுத்து, யார் பட்டினி கிடந்த உழைப்பால் வந்தது என்று அவர் எண்ணினார். மொந்தெசினோஸின் பிரசங்கமும், தமக்கு மறுக்கப்பட்ட பாவமன்னிப்பும், கவோனாவோவின் இரத்தமும் ஒன்றாக எழுந்து நின்றன. சில நாட்கள் தனிமையில் சிந்தித்தார். புதிய உலகில் இந்தியருக்குச் செய்யப்படுவது அனைத்தும் அநீதியும் கொடுங்கோன்மையுமே என்ற முடிவுக்கு வந்தார்.

தாம் அடிமைகளை வைத்துக்கொண்டு பிறருக்குப் பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? முதலில் ஆளுநர் வெலாஸ்கேஸிடம் சென்று, தம் இந்தியரைத் துறக்கும் முடிவை அறிவித்தார். ஆளுநர் திகைத்துப்போய், அவசரப்படாமல் யோசிக்கும்படி பதினைந்து நாள் தவணை கொடுத்தார். தவணை தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, சங்தி ஸ்பிரித்துஸ் என்னும் ஊரில் பிரசங்கம் செய்தபோது, தம் முடிவைச் சபையறியச் சொன்னார். கேட்டவர்கள் கனவு காண்பதுபோல் இருந்தார்களாம்.

நண்பர் ரெந்தேரியா அவ்வேளை யமெய்க்காவில் இருந்தார். அவரும் தபசுகாலத் தியானத்தின்போது இந்தியரின் துன்பத்தை எண்ணி மனம் நொந்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கத் தீர்மானித்திருந்தார். இருவரும் சந்தித்தபோது, ஒருவர் அறியாமல் மற்றவருக்கும் ஆண்டவர் அதே எண்ணத்தைக் கொடுத்திருந்ததைக் கண்டு வியந்தார்கள். பண்ணைப் பொருட்களை விற்ற பணமே லாஸ் காஸாஸின் ஸ்பெயின் பயணச் செலவானது.

அரசவையில் ஒரு குரு

1515ஆம் ஆண்டு நத்தாரை அண்டிய நாட்களில் பேர்டினந்து மன்னனை அவர் சந்தித்தார். மன்னன் நோயாளி, மறுமாதமே இறந்துபோனான். இந்திய விவகாரங்களைக் கவனித்த ஆயர் பொன்சேகாவிடம் சென்று, மூன்று மாதத்துக்குள் ஏழாயிரம் குழந்தைகள் மடிந்ததை லாஸ் காஸாஸ் எடுத்துரைத்தார். அதனால் எனக்கென்ன, அரசனுக்கென்ன என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆயருக்கும் அத்தீவுகளில் இந்தியர் இருந்தார்கள் என்பதைச் சொன்னால் பதிலின் பொருள் விளங்கும். ஆனால் அரசுப் பொறுப்பேற்ற கர்தினால் சிஸ்னேரோஸ் செவிசாய்த்தார். 1516இல் லாஸ் காஸாஸுக்கு இந்தியரின் பாதுகாவலர் என்ற பதவி வழங்கப்பட்டது.

இங்கே அவருடைய வாழ்வின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆவலில், அவர்களுக்குப் பதிலாக அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவர் அரசுக்கு யோசனை கூறினார். ஆபிரிக்கக் கறுப்பின அடிமைகள் அவருக்கு முன்பே அங்கு வந்திருந்தார்கள். வியாபாரத்தைத் தொடக்கியவர் அவர் அல்லர். ஆயினும் அவரது சொல்லும் அதற்குத் துணைபோயிற்று. 1518இல் நாலாயிரம் ஆபிரிக்கரைக் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் அரசவைப் பிரமுகர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. லாஸ் காஸாஸ் பல ஆண்டுகள் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆபிரிக்கர் நீதியான போரில் பிடிபட்டவர்கள் என்றுதான் அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பிற்காலத்தில் போர்த்துக்கீச வரலாற்று நூல்களை வாசித்தபோதுதான், அவர்களும் இந்தியரைப்போலவே அநியாயமாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்பதை அவர் உணர்ந்தார். ஆபிரிக்கரின் அடிமைத்தனமும் இந்தியரின் அடிமைத்தனமும் ஒரே அநீதியே என்று தம் வரலாற்று நூலில் எழுதினார். தம் அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காப்பாற்றுமோ என்று நிச்சயமில்லை என்றும் அதிலே அறிக்கையிட்டார். ஓர் ஆயர் தம் கையாலேயே தம் பாவத்தை எழுதி வைத்துச் செல்வது எளிதல்ல.

துறவியும் ஆயரும்

தென் அமெரிக்கக் கரையில் சமாதானமான ஒரு குடியேற்றத்தை அமைக்க அவர் எடுத்த முயற்சி தோல்வியில் முடிந்தது. மனமுடைந்த அவர் 1522இல் சாமிநாதர் சபையில் சேர்ந்தார். முன்னொருகால் தமக்குப் பாவமன்னிப்பு மறுத்த சபை அது. அங்கே பல ஆண்டுகள் அமைதியாகப் படித்தார், எழுதினார். எல்லா மக்களையும் சத்திய வேதத்துக்கு அழைக்கும் ஒரே வழி பற்றி ஒரு நூலும் இயற்றினார். அறிவை நியாயத்தால் இணங்க வைப்பதும், உள்ளத்தை அன்பால் கவர்வதுமே அந்த வழி என்பது அதன் சாரம்.

1537இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் ஒரு நிருபம் வெளியிட்டார். இந்தியர் உண்மையான மனிதர்கள், விசுவாசத்தை ஏற்கும் ஆற்றல் உள்ளவர்கள், அவர்கள் கிறிஸ்தவர் அல்லாதவராயினும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அது போதித்தது. அதே ஆண்டில் குவாத்தமாலாவில், ஸ்பானியப் படை அடக்க முடியாமல் யுத்தபூமி என்று பெயரிட்டிருந்த பிரதேசத்துக்கு ஆயுதமின்றிச் செல்ல லாஸ் காஸாஸும் அவர் சகோதரர்களும் முன்வந்தார்கள். படைவீரரோ குடியேறிகளோ உள்ளே வரக்கூடாது என்று ஆளுநரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்னரே அந்த வேலை தொடங்கியது. காலப்போக்கில் அந்த இடம் மெய்யான சமாதானம் என்று பொருள்படும் வெராபாஸ் என்ற பெயரைப் பெற்றது.

1542 நவம்பரில் ஐந்தாம் சாள்ஸ் மன்னர் புதிய சட்டங்களைப் பிறப்பித்தார். இந்தியரை எக்காரணத்துக்காகவும் இனி அடிமையாக்கக்கூடாது. ஒப்படைப்பு உரிமை தந்தைக்குப் பின் பிள்ளைக்குச் செல்லாது. இதிலே லாஸ் காஸாஸின் உழைப்பு பெரிது. 1544இல் அவர் மெக்சிக்கோவின் தெற்கே உள்ள சியாப்பா மறைமாவட்டத்தின் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட தொமினிக்கன் துறவிகளோடு அங்கு புறப்பட்டார்.

அடுத்த ஆண்டு உயிர்ப்புத் திருநாள் வந்தது. அடிமை வைத்திருப்போருக்குப் பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை ஆயர் தம்மிடமே வைத்துக்கொண்டார். குருமார்களில் ஒருவர் அக்கட்டளையை மீறினார். அவரை ஆயர் விசாரணைக்கு அழைத்தபோது, ஆயுதம் ஏந்திய கூட்டம் ஆயர் இல்லத்துக்குள் புகுந்தது. தம் சொந்த மந்தையே தம்மை வெறுப்பதை அவர் கண்டார். பெருவில் குடியேறிகள் கலகம் செய்து, புதிய சட்டங்களைக் கொண்டுசென்ற அரச பிரதிநிதியை எதிர்த்தார்கள். மன்னர் பயந்து, 1545இல் ஒப்படைப்பைப் பற்றிய சட்டத்தை மீளப் பெற்றார்.

ஆயர் விட்டுக்கொடுக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்குப் பன்னிரண்டு விதிகளை எழுதினார். அடிமை வைத்திருப்பவன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால், முதலில் நொத்தாரிசு ஒருவரை அழைத்து, தன் அடிமைகளை விடுவிக்கவும் அபகரித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் குருவுக்கு அதிகாரமளித்து உறுதி எழுத வேண்டும், அதன்பின்தான் பாவமன்னிப்பு. மனம் வருந்தினால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பழைய போதனையைத்தான் அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சிறு நூலின் பிரதிகளைக் கைப்பற்றும்படி 1548இல் அரச கட்டளை பிறந்தது.

வல்லாடோலிட் மாநகரில்

1547இல் ஸ்பெயின் திரும்பிய ஆயரைப் பெரியதொரு வாதம் எதிர்நோக்கியிருந்தது. யுவான் கினேஸ் தெ செபுல்வேதா என்ற பேரறிஞர், இந்தியருக்கு எதிரான போர் நீதியானது என்று ஒரு நூல் எழுதியிருந்தார். மன்னர் புதிய படையெடுப்புகளை நிறுத்திவைத்து, 1550 ஓகஸ்டில் அரச ஆலோசகரும் வேதசாஸ்திரிகளும் அடங்கிய ஒரு சபையை வல்லாடோலிட் நகரத்தில் கூட்டினார். உலக வெற்றியின் உச்சியில் நின்ற ஓர் அரசு, தன் வெற்றி நீதியானதா என்று தானே நிறுத்திக் கேட்டது வரலாற்றில் அபூர்வமே.

இருவரும் நேருக்கு நேர் நின்று வாதிடவில்லை. தனித்தனியே சபைமுன் தோன்றினார்கள். செபுல்வேதா மூன்று மணிநேரம் பேசினார். லாஸ் காஸாஸ் தம் நீண்ட எழுத்தை ஐந்து நாட்கள் வாசித்தார். தொமிங்கோ தெ சோத்தோ என்ற தொமினிக்கன் அறிஞர் இரு பக்கத்தையும் சபைக்குச் சுருக்கிக் கொடுத்தார்.

செபுல்வேதாவின் வாதம் என்ன? சிலர் இயல்பாகவே அடிமைகளாகப் பிறக்கிறார்கள் என்ற அரிஸ்தோத்திலின் கருத்தை அவர் முதலில் காட்டினார். பின்னர் வேதாகமத்தைத் திறந்தார். விக்கிரக வழிபாட்டுக்காகக் கானான் தேசத்தாரை அழிக்க இறைவன் இஸ்ராயேலருக்குக் கட்டளையிட்டார் அல்லவா? நகரங்களை முற்றுகையிடும் முறையை உபாகமம் கூறுகின்றதல்லவா? பெரிய விருந்தின் உவமையில், வழியோரத்தில் நிற்போரை உள்ளே வரும்படி வற்புறுத்தச் சொன்னார் வீட்டெசமான். அதைக் கொண்டு புனித அகுஸ்தீனாரும் பிரிவினைக்காரர் மீது அரச பலத்தைப் பயன்படுத்த இணங்கினார் அல்லவா? ஆகவே முதலில் அடக்குவோம், பின்னர் போதிப்போம் என்பது அவர் முடிவு. நரபலிக்கு இரையாகும் அப்பாவிகளைக் காப்பாற்றவும் போர் தேவை என்றார்.

லாஸ் காஸாஸும் அதே வேதாகமத்தையே திறந்தார். கானான் தேசத்தாருக்கு எதிரான கட்டளை ஒரு காலத்தில், ஒரு மக்களுக்கு, ஒரு வாக்குறுதியின் பொருட்டுக் கொடுக்கப்பட்டது. எல்லாக் காலத்துக்கும் எல்லா அரசருக்கும் எழுதிவைத்த சட்டம் அதுவல்ல என்றார். பழைய ஏற்பாட்டின் சில செயல்களைக் கண்டு நாம் வியக்கலாமேயன்றிப் பின்பற்றலாகாது என்றார். விருந்து உவமையிலுள்ள வற்புறுத்தல் வாளினால் செய்வதல்ல. உள்ளத்தை உண்மை மெல்ல இழுப்பதே அது என்று விளக்கினார். ஆண்டவர் தம் சீடரை ஓநாய்களிடையே ஆடுகளைப்போல அனுப்பினாரே தவிர, ஆடுகளிடையே ஓநாய்களை அனுப்பவில்லை என்ற கருத்தை வலியுறுத்தினார். திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தீர்ப்பிடுவது தம் வேலையல்ல என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதையும், களைகளை அறுவடை வரை வளரவிடச் சொன்ன உவமையையும் எடுத்துக்காட்டினார்.

நரபலியை அவர் சரியென்று சொல்லவில்லை. ஆனால் தம்மிடம் உள்ளவற்றில் மிக உயர்ந்ததைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற இயற்கையான எண்ணம் தவறிப்போனதே அது என்றார். ஒரு சிலரைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கானோரை வெட்டுவது எந்த நீதி என்றும் கேட்டார். இயல்பாகவே அடிமைகளான ஒரு மக்களினம் உலகில் கிடையாது. எல்லா இனத்தாரும் மனிதரே என்பதே அவர் வாதத்தின் அடித்தளம்.

சபை 1551இல் மீண்டும் கூடியது. திட்டவட்டமான தீர்ப்பு எதையும் அது வெளியிடவில்லை. இருவருமே தாம் வென்றதாக எண்ணினார்கள். ஆனாலும் செபுல்வேதாவின் நூல் அச்சேற அனுமதி கிடைக்கவில்லை. 1892இல்தான் அது வெளிவந்தது. 1573ஆம் ஆண்டுச் சட்டங்களில் படையெடுப்பு என்ற சொல்லே நீக்கப்பட்டது. செயல் எப்போதும் சொல்லோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லாஸ் காஸாஸ் தம் ஆயர் பதவியைத் துறந்து, எழுத்திலும் மன்றாட்டிலும் இறுதிக்காலத்தைக் கழித்தார். எண்பது வயதைத் தாண்டிய பின்னரும் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதருக்கு விண்ணப்பம் எழுதினார். 1566 யூலை 18ஆம் திகதி, மட்ரிட் நகரத்து அத்தோச்சா மடத்தில் கண்மூடினார். அவருடைய பெரிய வரலாற்று நூல் 1875இல்தான் அச்சேறத் தொடங்கியது.

அவருக்குப் பின்னும் தொடர்ந்த வாதம்

வாசகர்களே, வல்லாடோலிட்டில் எழுந்த கேள்வி அங்கேயே முடிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அடிமைகளின் எசமான்கள் ஆதியாகமத்தை எடுத்து, நோவா இட்ட சாபத்தினால்தான் கறுப்பின மக்கள் அடிமைகளானார்கள் என்றார்கள். அந்தச் சாபம் கானான் மீது இடப்பட்டதேயன்றி ஆபிரிக்கர்மீது அல்ல. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடிமைகள் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபப் பகுதியை அவர்கள் மனப்பாடம் செய்வித்தார்கள்; எசமானுக்கும் மேலே ஓர் எசமான் உண்டு என்று அதே இடத்தில் வரும் எச்சரிக்கையை மெதுவாகக் கடந்துபோனார்கள். மறுபக்கத்தார், மனிதனைத் திருடி விற்பவனுக்கு யாத்திராகமம் விதிக்கும் மரண தண்டனையையும், தப்பியோடி வந்த அடிமையைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற உபாகமக் கட்டளையையும், ஒனேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கும்படி பிலேமோனுக்குச் சின்னப்பர் எழுதியதையும் காட்டினார்கள். அந்நாட்டில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிய 1865 வரை செல்லவேண்டியிருந்தது. பிரேசிலில் 1888 வரை.

நம் திருச்சபையின் பதிவும் முழுவதும் வெண்மையானதல்ல. 1452இலும் 1455இலும் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலாஸ் போர்த்துக்கல் மன்னருக்கு வழங்கிய நிருபங்கள் புறச்சமயத்தாரை அடிமையாக்க இடம்கொடுத்தன. 1839இல் பதினாறாம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கண்டித்தார். 1888இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பிரேசில் ஆயர்களுக்கு எழுதி விடுதலையை வரவேற்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அடிமைத்தனத்தை மனித மாண்புக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக எண்ணியது. 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், அடிமைகள் கப்பலேற்றப்பட்ட செனகல் நாட்டின் கோரே தீவில் நின்று மன்னிப்பு வேண்டினார். 2023இல் வத்திக்கான், பிற மக்களின் நிலத்தைப் பறிக்க இடங்கொடுத்த பழைய கண்டுபிடிப்புக் கோட்பாட்டைத் தான் ஏற்கவில்லை என்று அறிவித்தபோது, மூன்றாம் சின்னப்பரின் 1537ஆம் ஆண்டு நிருபத்தையும் நினைவுகூர்ந்தது.

நமக்கு என்ன பாடம்?

செபுல்வேதா மூடர் அல்லர். கிரேக்கமும் இலத்தீனும் கரைத்துக் குடித்தவர். ஆனால் அவர் புதிய உலகில் ஒருநாளும் கால்வைத்ததில்லை. லாஸ் காஸாஸ் அந்த மக்களின் முகத்தைப் பார்த்தவர். துன்புறுகிறவனின் முகத்தைப் பார்க்காமல் வேதாகமத்தை வாசிப்பவன், தன் இலாபத்துக்குச் சாதகமான வசனத்தையே அதில் காண்பான். நமக்கு வசதியான வசனம் கிடைக்கும்போதுதான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

சங்கிலி பூட்டி விற்கும் சந்தை இன்று நம் ஊரில் இல்லை. ஆனால் சீராக் ஆகமத்தின் அந்த அதிகாரம் சந்தையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கூலியைப் பற்றியும், ஏழையின் அப்பத்தைப் பற்றியும் பேசுகின்றது. நம் வீட்டில் வேலைசெய்யும் பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுகின்றது, எங்கே படுக்கின்றது? நம் வயலிலும் கடையிலும் வேலைசெய்தவரின் கூலி எத்தனை நாள் பிந்துகின்றது? கோவில் திருநாளுக்கு நாம் கொடுக்கும் காணிக்கை யாருடைய வியர்வையில் வந்தது? இக்கேள்விகளை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குரு தம்மையே கேட்டுக்கொண்டார். அதனால் தம் சொத்தை இழந்தார், நண்பர்களை இழந்தார், தம் மறைமாவட்டத்தையே இழந்தார். தம் ஆன்மாவை இழக்கவில்லை.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், பிள்ளைகளில் ஒருவரிடம் வேதாகமத்தைக் கொடுத்து, சீராக் ஆகமத்தின் 34ஆம் அதிகாரத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிந்ததும் சற்றுநேரம் யாரும் பேசாதிருங்கள். லாஸ் காஸாஸ் ஆண்டகையிடம் பேசிய ஆண்டவர் உங்களிடமும் பேசுவார்.